மென்பொருட் சோதனை: அஜைல் குழுக்களின் நடைமுறை

மாணவர்களே, 2025 நவம்பரில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தின் பல இடங்களில் மண்சரிவுகள் ஏற்பட்டு உயிர்கள் பலியானதை அறிவீர்கள். மண்சரிவு எச்சரிக்கைகளைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று மட்டங்களில் விடுக்கிறது. சிவப்பு எனில் மக்கள் வெளியேற வேண்டும்.

மழைவீழ்ச்சியைப் பெற்று எச்சரிக்கை நிறத்தைக் காட்டும் செய்நிரல் ஒன்றை நீங்கள் எழுதுவதாகக் கொள்வோம். எமது உதாரணத்தில் 24 மணித்தியால மழைவீழ்ச்சி 75 மி.மீ. ஆயின் மஞ்சள், 100 ஆயின் செம்மஞ்சள், 150 அல்லது அதற்கு மேல் ஆயின் சிவப்பு.

நீர்வீழ்ச்சி மாதிரியில் செய்நிரல் முழுவதும் எழுதப்பட்ட பின்னரே சோதித்தல் ஆரம்பமாகும். அப்போது காணப்படும் வழுவைத் திருத்த அதிக காலமும் செலவும் ஏற்படும். 2001 இல் 17 மென்பொருள் வல்லுநர்கள் ஐக்கிய அமெரிக்காவில் கூடி வெளியிட்ட பிரகடனத்தினால் அஜைல் முறை பெயர் பெற்றது. இம்முறையில் வேலை சில வாரங்கள் கொண்ட சிறு வட்டங்களாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு வட்டத்தினுள்ளும் சோதித்தல் இடம்பெறும்.

அஜைல் குழுக்களின் சோதனைகள்

1. முதலிற் சோதனை எழுதுதல்: பல குழுக்கள் செய்நிரலுக்கு முன்பே உள்ளீட்டையும் எதிர்பார்க்கும் வெளியீட்டையும் எழுதிக்கொள்ளும். எல்லைப் பெறுமானங்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.
74 – எச்சரிக்கை இல்லை
75, 99 – மஞ்சள்
100, 149 – செம்மஞ்சள்
150 – சிவப்பு
-5 – தவறான தரவு

2. அலகுச் சோதனை: ஒவ்வொரு சிறு பகுதியையும் தனித்தனியே சோதித்தல்.

3. ஒருங்கிணைப்புச் சோதனை: பகுதிகளை இணைத்துச் சோதித்தல். மழைமானிப் பகுதி ஒரு மணித்தியால அளவை அனுப்ப, எச்சரிக்கைப் பகுதி அதனை 24 மணித்தியால அளவாக எடுத்துக்கொண்டால் நிறம் பிழைக்கும். தனித்தனியே இரண்டும் சரியாகவே இயங்கியிருக்கும்.

4. மீள்சோதனை: அடுத்த வட்டத்தில், பிரதேச செயலகப் பிரிவுவாரியாகச் செய்தி அனுப்பும் வசதியைச் சேர்க்கிறீர்கள். புதியதை மட்டுமன்றிப் பழைய சோதனைகள் அனைத்தையும் மீண்டும் நடத்த வேண்டும். இவை பல தடவை நடைபெறுவதால் கணினியைக் கொண்டே தன்னியக்கமாகச் செய்யப்படும்.

5. ஏற்புச் சோதனை: பயனரே பரிசீலித்தல். ஹந்தானை மலைச்சரிவில் வாழும் ஒருவருக்குச் செய்தி அவரது மொழியிற் கிடைக்கிறதா, என்ன செய்ய வேண்டுமென விளங்குகிறதா என நோக்கப்படும்.

பயிற்சி வினா

மேற்படி செய்நிரலில் "மழை > 150 எனின் சிவப்பு" என எழுதப்பட்டுள்ளது. 149, 150, 151 ஆகியவற்றுள் இவ்வழுவை வெளிப்படுத்தும் உள்ளீடு எது?

விடை: 150. ஏனைய இரண்டுக்கும் சரியான நிறமே கிடைக்கும். 150 இற்கோ சிவப்புக்குப் பதிலாகச் செம்மஞ்சள் தோன்றும். வெளியேற வேண்டியவர்கள் வீட்டிலேயே தங்கிவிடுவர். நிபந்தனை "மழை >= 150" எனத் திருத்தப்பட வேண்டும்.

நினைவிற் கொள்க: சோதித்தல் என்பது செய்நிரல் இயங்குகிறது எனக் காட்டுவதற்கன்று, அது எங்கே பிழைக்கும் எனத் தேடுவதற்கே.