மிதிவண்டி சீரமைப்பு

மிதிவண்டி சீரமைப்பு என்பது நெடுநாள் பயன்படுத்தப்படாமல் கிடந்த மிதிவண்டியைப் பிரித்து, தூய்மை செய்து, பழுதான உறுப்புகளை மாற்றி, மீண்டும் பாதுகாப்பாக ஓட்டத்தக்க நிலைக்குக் கொண்டுவரும் பணியாகும். தமிழ்நாட்டு மிதிவண்டிக் கடைகளில் இது ஓவராயில் என்று வழங்கப்படுகிறது. இச்சொல்லில் ஆயில் என்ற ஒலி இருப்பினும், எண்ணெய் விடுவது இதன் பொருள் அன்று. முழுவதும் பிரித்துச் சரிபார்த்தலைக் குறிக்கும் ஓவர்ஹால் என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபே இது. நெடுநாள் கிடந்த வண்டிக்கு எண்ணெய் மட்டும் விட்டு ஓட்டுவது போதுமானதன்று.

பின்னணி

தமிழ்நாடு அரசின் மாணவர் மிதிவண்டித் திட்டம் 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காகத் தொடங்கப்பட்டது. 2005-06 இல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 11ஆம் வகுப்பு பயிலும் மாணவ மாணவியருக்குப் பரவலாக விரிவாக்கப்பட்டது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டம் போன்ற ஊரகப் பகுதிகளில், பள்ளிப்படிப்பு முடிந்ததும் இவ்வண்டிகள் திண்ணை ஓரத்திலோ மாட்டுக் கொட்டகையிலோ சாத்தப்பட்டு விடுவதுண்டு. ஏரிப் பாசன ஊர்கள் நிறைந்த இவ்வட்டம் பெரும்பாலும் சமதரை ஆகையால், மீட்கப்பட்ட வண்டி வயலுக்கும் கடைத்தெருவிற்கும் சென்றுவர நன்கு பயன்படும்.

பழுதடையும் முறை

நின்றுபோன வண்டியில் முதலில் கெடுவன பெரும்பாலும் இரப்பரும் கிரீசுமே ஆகும். காற்று இறங்கிய டயர் வண்டியின் எடையால் மடிந்து, மடிந்த இடத்தில் வெடிக்கிறது. கிரீசு உலர்ந்து பிசினாகிறது. இரும்பு, காற்றில் ஈரப்பதம் மிகும்போது துருப்பிடிக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் (அக்டோபர் முதல் டிசம்பர் வரை) இது விரைவடையும். உர மூட்டைகளுக்கு அருகில் வைத்த வண்டியில், உப்புகள் ஈரத்தை ஈர்ப்பதால் துரு மேலும் கூடும்.

சட்டகத்தை ஆய்தல்

செலவு செய்வதற்கு முன் சட்டகத்தையும் முன்கவையையும் ஆய வேண்டும். கைப்பிடித் தண்டு செல்லும் குழாயுடன் மற்ற குழாய்கள் இணையும் இடத்தில் வண்ணப்பூச்சு சுருங்கியிருந்தாலோ, மயிரிழை போன்ற விரிசல் தெரிந்தாலோ வண்டியை ஓட்டலாகாது. துருவைச் சுரண்டிய பின், திருப்புளி முனையால் அழுத்தும்போது குழாய் உள்வாங்கினால் அச்சட்டகம் பயனற்றது. மேற்பரப்புத் துரு மட்டுமெனில் கம்பித் தூரிகையால் தேய்த்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இடலாம்.

பிரித்தல்

இறுகிய திருகுகளில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவிடுதல் நன்று. இடப்பக்க மிதிகட்டை மட்டும் எதிர்மரை கொண்டது. அதனைக் கழற்றக் கடிகாரமுள் செல்லும் திசையில் திருக வேண்டும். ஓட்டும்போது உண்டாகும் சுழற்சி விசையால் மிதிகட்டை தானே கழன்றுவிடாதிருக்க இவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. இதனை அறியாமல் எதிர்த்திசையில் வலிந்து திருகினால் அது மேலும் இறுகி, மரையும் சிதையக்கூடும்.

உருள்தாங்கிகள்

சக்கரக்குடங்கள், மிதி அச்சு, கைப்பிடித் தண்டு ஆகியவற்றில் பால்ரஸ் எனப்படும் எஃகு குண்டுகள் உள்ளன. ஒவ்வோர் இடத்திலும் உள்ள குண்டுகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, மண்ணெண்ணெயில் கழுவி, நன்கு உலர்த்த வேண்டும். மண்ணெண்ணெய் எஞ்சியிருந்தால் புதிய கிரீசு நீர்த்துவிடும். குழி விழுந்த குண்டு, கிண்ணம், கூம்பு ஆகியவற்றை மாற்ற வேண்டும். கூம்பை இறுக்கும்போது சக்கரம் பக்கவாட்டில் ஆடவும் கூடாது, சுழலும்போது தடைபடவும் கூடாது. உலர்ந்த கிரீசின்மேல் எண்ணெய் விட்டால் வண்டி சில நாள் எளிதாக ஓடும். ஆனால் உள்ளிருக்கும் மணலும் துருத்தூளும் எண்ணெயுடன் கலந்து குண்டுகளை அரைத்துவிடும்.

சக்கரங்களும் சங்கிலியும்

டயரின் பக்கச்சுவரில் நூல் தெரியும் அளவிற்கு வெடிப்பு இருந்தால் மாற்ற வேண்டும். அளவு டயரிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பழைய பெரிய வண்டிகளில் 28 x 1½ அங்குல டயர் பரவலாகக் காணப்படும். காற்று நிற்காத டியூப் எல்லாம் பஞ்சரானது என்று கொள்ளலாகாது. வால்டியூப் எனப்படும் சிறு இரப்பர்க் குழாய் காய்ந்து போவதாலும் காற்று இறங்கும். நெளிந்த சக்கரத்தை ஆரக்கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் நேராக்குவதைக் கோட்டம் எடுத்தல் என்பர்.

சங்கிலியின் கணு இடைவெளி அரை அங்குலம். எனவே புதிய சங்கிலியில் 24 இடைவெளிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது 12⅛ அங்குலத்தை எட்டினால் சங்கிலி தேய்ந்துவிட்டது என்று பொருள். தேய்ந்த சங்கிலி பற்சக்கரங்களின் பற்களையும் தேய்க்கும்.

பிரேக்

பழைய பிரேக் கட்டைகள் கல்போல் இறுகியிருக்குமாதலால் அவற்றை மாற்றுவதே முறை. கட்டையைத் தாங்கும் தகட்டின் ஒரு முனை திறந்திருந்தால், மூடிய முனை ரிம் சுழலும் திசையை நோக்கி இருத்தல் வேண்டும். மாற்றி அமைத்தால் பிரேக் பிடிக்கும்போது கட்டை வெளியே நழுவிவிடும். கட்டை டயரைத் தொடலாகாது. குரோமியம் பூசிய எஃகு ரிம்களில், நனைந்த நிலையில் பிடிமானம் வெகுவாகக் குறையும். ஆகவே மழைக்காலத்தில் முன்னதாகவே பிரேக் பிடிக்கப் பழகவேண்டும்.

சோதனை ஓட்டம்

முதலில் இரு பிரேக்குகளையும் பிடித்தவாறு வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்க வேண்டும். பின்னர் போக்குவரத்து இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டலாம். மிதிதண்டை அச்சுடன் இணைக்கும் காட்டர் பின் முதல் சில ஓட்டங்களில் தளரும் இயல்புடையது. அதனை மீண்டும் இறுக்காமல் ஓட்டினால் மிதிதண்டின் துளையே சிதைந்துவிடும். வண்ணம் பூசுதல், மணி மாற்றுதல் முதலியவற்றை இவற்றிற்குப் பின் செய்யலாம். புதுவண்ணத்தால் பளபளக்கும் வண்டியின் சட்டகத்தில் விரிசல் இருப்பின், அவ்வண்ணம் அதனை மறைக்கவே செய்யும்.