உங்களுக்குத் தெரியுமா? கேரம் பலகை நீளத்தில் ஒரு எல்லைக்கோட்டை

ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வடக்கே, டவுனஸ் மலைக்காட்டில் இருக்கிறது ஸால்புர்க். ரோமானியப் பேரரசின் எல்லையைக் காத்த கோட்டை. நீளம் 221 மீட்டர், அகலம் 147 மீட்டர். முந்நூறில் ஒரு பங்காகச் சுருக்கினால் நீளம் 74 சென்டிமீட்டர். கேரம் பலகையில் காய் ஓடும் நீளம்தான். அகலம் 49 சென்டிமீட்டர். அங்கே தங்கியிருந்த படை சுமார் 500 பேர். இந்த அளவில் ஒரு வீரர் நின்றால் ஒரு பொன்னி அரிசி உயரம்.

✦

மாதிரி செய்ய உட்காருபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது அட்டையா தெர்மாகோலா என்பதை அல்ல, எந்த ஆண்டு என்பதை. கி.பி. 90 வாக்கில் இங்கே இருந்தது ஒரு சின்ன மரக்கோட்டை. 135 வாக்கில் பெரிய கோட்டை எழுந்தது; அதன் மதிலில் கல்லும் மரமும் கலந்திருந்தன. சாந்து வைத்துக் கட்டிய கல்மதிலும், உள்பக்கம் அதற்கு அணைகொடுத்த மண்கரையும் 2-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வந்தன. 260 வாக்கில் கோட்டையைக் கைவிட்டுவிட்டார்கள். மண்கரையையும் மரம் கலந்த மதிலையும் ஒரே பலகையில் வைத்தால், ஒருநாளும் இருந்திராத ஒரு கோட்டையைத்தான் செய்திருப்போம்.

✦

இன்று அங்கே போய்ப் பார்க்கிற கோட்டையே ஒரு மாதிரிதான், முழு அளவு மாதிரி! ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1897-ல் ஆணையிட, கட்டடக் கலைஞர் லூயிஸ் யாகோபி பழைய அடித்தளத்தின் மேலேயே எழுப்பினார். 1907-ல் வேலை முடிந்தது. அரிய உழைப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் மதில் விஷயத்தில் இரண்டு இடங்களில் சறுக்கிவிட்டது. ஒன்று, மதிலின் உச்சியில் பல் பல்லாய் நிற்கும் ஞாயில்கள். ரோமானியர் அவற்றைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். இங்கே நெருக்கமாக வைத்துவிட்டார்கள். இன்னொன்று, கல் வெளியே தெரிவது. உண்மையில் மதிலுக்கு வெள்ளைப் பூச்சு பூசி, அதன்மேல் செங்கோடுகள் இழுத்து, பெரிய பெரிய கற்களை அடுக்கியது போலக் காட்டியிருந்தார்கள். கறுத்த காட்டுக்கு நடுவே வெளேரென்று நின்ற மதில் அது. புகைப்படத்தை மட்டும் பார்த்துச் செய்பவர் இந்த இரண்டு பிழைகளையும் அப்படியே தன் மேசைக்குக் கொண்டுவந்துவிடுவார். மேசையில் அவற்றைத் திருத்த ஒரு பேரரசரின் உத்தரவு தேவையில்லை, நல்ல கத்தி போதும்.

✦

அந்தச் செங்கோடு 2 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டாலும், இன்னும் பெரிதாக, நூறில் ஒரு பங்காகச் செய்யும் மாதிரியில்கூட அது 0.2 மில்லிமீட்டர்தான். தூரிகை அவ்வளவு மெல்லியதாக ஓடாது. செம்பென்சிலை ஊசியாகச் சீவி, எஃகு அளவுகோலை ஒட்டி ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். நான்கைந்து கோட்டுக்கு ஒருமுறை சீவிக்கொள்ளுங்கள். மதிலை நிறுத்துவதற்கு முன்பே, அட்டை படுத்திருக்கும்போதே இதை முடித்துவிடுவது நல்லது.

✦

மதிலுக்கு வெளியே ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் இரட்டை அகழி. பிளைவுட் மேல் நேராக மதிலை ஒட்டிவிட்டால் பிறகு அகழிக்கு ஆழம் கிடைக்காது. அடியில் தடித்த தெர்மாகோல் போட்டுத்தான் தொடங்க வேண்டும். மதிலின் நான்கு மூலைகளும் சீட்டுக்கட்டின் சீட்டைப் போல வளைந்தவை. அட்டையை மடித்துக் கூர்மூலை ஆக்கிவிடாதீர்கள்.

✦

இந்தக் கோட்டை தனியாக நின்றதல்ல. ரைன் நதியிலிருந்து டானூப் வரை சுமார் 550 கிலோமீட்டர் ஓடிய ‘லீமஸ்’ எல்லையில் ஒரு கண்ணி. அந்த எல்லையில் ஏறக்குறைய 900 காவல் கோபுரங்கள் இருந்தன. ஓரிடத்தில் மேடு பள்ளம் எதையும் பொருட்படுத்தாமல் 80 கிலோமீட்டர் நேர்கோடாகவே போகிறது. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

✦

மதிலோடு மாதிரியை முடித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். வாசலுக்கு வெளியே குளியல் கட்டடம் இருந்தது, கடையும் வீடுமாக ஒரு ஊரே இருந்தது. கோட்டையிலும் ஊரிலுமாக நூறுக்கு நெருக்கமான கிணறுகளைத் தோண்டிக் கண்டுபிடித்தார்கள். அடியில் இருந்த ஈரச்சேறு, மண்ணில் மக்கிப்போயிருக்க வேண்டிய தோல் காலணிகளைப் ஏறத்தாழப் பதினேழு நூற்றாண்டுகள் பொத்திவைத்திருந்தது. ஒரு மீட்டர் அகலக் கிணறு முந்நூறில் ஒரு பங்கு மாதிரியில் 3 மில்லிமீட்டர் துளை. ஊர்ப்பக்கமும் அந்தத் துளைகளைப் போடுங்கள்.