நீலத்திரை வந்தால் ஃபார்மட்தான் வழியா?

கம்ப்யூட்டர் நீலத்திரை காட்டி நின்றாலே, "விண்டோஸ் போச்சு, ஃபார்மட் பண்ணிடு" என்கிறோம். சில சமயம் கோளாறு விண்டோஸில் இல்லை, நெட்வொர்க் கார்டின் டிரைவரில்தான்.

டிரைவர் என்பது ஒரு ஹார்டுவேரை இயக்கும் புரோகிராம். எங்க பள்ளங்கி மலைப்பாதையில் பஸ்ஸில் பயணி தூங்கினால் அவர் ஸ்டாப் மட்டும்தான் தவறும். டிரைவர் தூங்கினால்? அதேபோல, வேர்டு கெட்டால் வேர்டு மட்டும் மூடும். கெர்னலுக்குள் ஓடும் டிரைவர் தவறான மெமரியைத் தொட்டால் மெஷினே நின்றுவிடும்.

2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் தவறான அப்டேட்டால் அதன் கெர்னல் டிரைவர் கெட்டு, உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கும் மருந்து ஃபார்மட் அல்ல. சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை அழிப்பதுதான்.

செய்ய வேண்டியவை:

1. நீலத்திரையில் ஃபைல் பெயர் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். 'என்டிஐஎஸ்.சிஸ்' என்றிருந்தால் முதலில் நெட்வொர்க் டிரைவரைச் சந்தேகியுங்கள்.

2. நெட்வொர்க் இல்லாத சேஃப் மோடில் ஏற்றுங்கள். அதில் நின்று ஓடினால் சந்தேகம் வலுக்கும்.

3. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரைத் திறந்து 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள். அது வேலை செய்யாவிட்டால் டிரைவரை நீக்கி, கம்பெனி தரும் சரியான டிரைவரை வேறு கம்ப்யூட்டரில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து போடுங்கள்.

4. அப்புறமும் விழுந்தால் ராமைச் சோதியுங்கள்.

முதல் தலைமுறையாகப் படிக்கிற நம் வீடுகளில் ஒரே கம்ப்யூட்டர்தான் இருக்கும். தங்கச்சியின் பாடம், நம்ம புராஜெக்ட் எல்லாம் அதில்தான். ஃபார்மட் ஒரு நிமிஷ வேலை. போன ஃபைல் எளிதில் திரும்பாது. முதலில் திரையைப் படிப்போம், பிறகு கை வைப்போம்.