கைப்பேசி வேகத்தை நாமே கூட்டலாமா? பழைய கைப்பேசியை மாற்றியமைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜொகூர் பாரு - கைப்பேசி வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. வாட்ஸ்அப் திறக்கவே நேரம் எடுக்கிறது, மதியத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. புதிதாக வாங்கக் கையில் பணம் இல்லை. இந்த நிலையில், ஆண்ட்ராய்டு கைப்பேசியின் 'கெர்னலை' மாற்றினால் வேகம் கூடும், பேட்டரியும் நீடிக்கும் என்று இணையத்தில் வரும் காணொளிகள் இளைஞர்களை ஈர்க்கின்றன. ஓவர்கிளாக், அண்டர்வோல்ட் என்ற இரண்டு சொற்களும் அவற்றில் அடிக்கடி அடிபடும்.

இது பொய்யல்ல, உண்மையான தொழில்நுட்பம்தான். ஆனால் நம் வீடுகளில் கைப்பேசி விளையாட்டுப் பொருளாக மட்டும் இருப்பதில்லை. 2020ஆம் ஆண்டு கல்வி அமைச்சு சுமார் 9 லட்சம் மாணவர்களைப் பற்றி எடுத்த ஆய்வில், 36.9 விழுக்காட்டினரிடம் எந்த மின்னியல் சாதனமும் இல்லை என்று தெரியவந்தது. அந்த நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரே கைப்பேசியை அண்ணன், தங்கை எல்லாரும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பாடம் படித்த வீடுகள் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு. இன்று அதே கைப்பேசியில்தான் சம்பளக் கணக்கும் மின்பணப்பையும் இருக்கின்றன. அது கெட்டுப்போனால் வீட்டில் பல வேலைகள் நின்றுவிடும். ஆகவே கை வைக்கும் முன் விஷயத்தைப் புரிந்துகொள்வது நல்லது.

செம்பனைக் கொட்டை சொல்லும் பாடம்

கெர்னல் என்ற சொல் தோட்ட மக்களுக்குப் புதிதல்ல. செம்பனைப் பழத்தின் சதையிலிருந்து ஓர் எண்ணெய் கிடைக்கும். உள்ளே இருக்கும் கொட்டையின் ஓட்டை உடைத்தால் வரும் பருப்புக்கும் கெர்னல் என்றுதான் பெயர். அதிலிருந்து வேறோர் எண்ணெய் எடுப்பார்கள். கணினி உலகமும் இதே உவமையைத்தான் பிடித்துக்கொண்டது. நாம் தொட்டுப் பார்க்கும் செயலிகள் எல்லாம் மேல் சதை. ஆக உள்ளே இருக்கும் பருப்புதான் கெர்னல்.

சிப், நினைவகம், திரை, பேட்டரி ஆகிய வன்பொருள்களுடன் நேரடியாகப் பேசும் மென்பொருள் அது. எந்த நொடியில் சிப் எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும், அதற்கு எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும் என்பதற்கெல்லாம் அதனிடம் ஓர் அட்டவணை உண்டு. ஆண்ட்ராய்டின் கெர்னல், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ். அதன் உரிம விதிப்படி, லினக்ஸ் கெர்னலை வைத்துக் கைப்பேசி விற்கும் நிறுவனம் அந்தக் கெர்னலின் மூல நிரலையும் கேட்பவர்களுக்குத் தர வேண்டும். அந்த நிரலை எடுத்து, அட்டவணையைத் திருத்தி, மறுபடியும் கட்டினால் கிடைப்பதுதான் 'கஸ்டம் கெர்னல்'.

வேகத்தைக் கூட்டினால் என்ன ஆகும்?

நிறுவனம் வைத்த வேகத்தைத் தாண்டிச் சிப்பை ஓடவைப்பது ஓவர்கிளாக். வேகத்தை அப்படியே விட்டு, மின்னழுத்தத்தை மட்டும் குறைப்பது அண்டர்வோல்ட். கப்சாய் மோட்டார் சைக்கிளின் எஞ்சினைத் தட்டிக் கூடுதல் வேகம் எடுப்பதை முதலாவதற்கு ஒப்பிடலாம். அதே வேகத்தில் எண்ணெயை மிச்சப்படுத்த முயல்வது இரண்டாவது.

இதன் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. சிப் வேலை செய்யும்போது செலவாகும் மின்சாரம், வேகத்துக்கு ஏற்ப ஒரு மடங்காகக் கூடும். ஆனால் மின்னழுத்தத்துக்கு அதன் வர்க்கமாகக் கூடும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1.10 வோல்ட்டில் ஓடும் சிப்பை 1.00 வோல்ட்டுக்கு இறக்கினால், வேகம் குறையாமலே அந்தச் செலவு சுமார் 17 விழுக்காடு குறையும். மாறாக, வேகத்தை 1.2 கிகாஹெர்ட்ஸிலிருந்து 1.5 ஆக உயர்த்தி, அது தடுமாறாமல் ஓட 1.25 வோல்ட் கொடுத்தால், வேகம் 25 விழுக்காடு கூடுகிறது. மின்செலவோ 61 விழுக்காடு கூடுகிறது. கூடிய மின்சாரம் அத்தனையும் சூடாக மாறும்.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் ஜொகூரில் பகல் வெப்பம் 31, 32 பாகையைத் தொடுவது சாதாரணம். மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் கைப்பேசியை மாட்டி, வெயிலில் வழிகாட்டி வரைபடத்தைப் பார்த்தபடி உணவு விநியோகம் செய்பவரின் கைப்பேசி ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும். குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் சிப் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கூட்டி வைத்த வேகம் சில நிமிடங்களில் காணாமல் போவது அதனால்தான். சூடு பேட்டரியின் ஆயுளையும் தின்றுவிடும்.

அப்படியென்றால் அண்டர்வோல்ட் மட்டும் நல்லதா? அதற்கும் எல்லை உண்டு. ஒரே மரத்துக் குலையிலும் பழங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே ஆலையில் செய்த சிப்புகளும் அப்படித்தான். அவற்றுள் தேறியதிலேயே பலவீனமான சிப்பும் தடுமாறாமல் ஓட வேண்டும் என்று நிறுவனங்கள் மின்னழுத்தத்தைச் சற்றுக் கூடுதலாகவே வைக்கும். அந்த உபரியைத்தான் அண்டர்வோல்ட் செய்பவர் எடுக்கிறார். தன் கையில் இருப்பது வலுவான சிப்பா, பலவீனமான சிப்பா என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியாது. அளவுக்கு மேல் இறக்கினால் கைப்பேசி உறைந்து நிற்கும், தானாக அணைந்து எழும்பும். படமோ கோப்போ எழுதப்படும் நேரத்தில் அப்படி நடந்தால் அந்தக் கோப்பு பாழாகிவிடக்கூடும்.

அன்று பலித்த வித்தை

2008இல் வெளிவந்த முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசியான எச்டிசி ட்ரீமிலேயே இந்த முயற்சி தொடங்கிவிட்டது. அதன் சிப் 528 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடியது. நிறுவனமோ பேட்டரிக்காக அதை 384 மெகாஹெர்ட்ஸில் கட்டிவைத்திருந்தது. 2011 இறுதியில் வந்த கேலக்ஸி நெக்ஸஸும் அப்படித்தான். 1.5 கிகாஹெர்ட்ஸுக்காகச் செய்த சிப்பை 1.2 கிகாஹெர்ட்ஸில் ஓட்டினார்கள். அதே ஆண்டில் வந்த கேலக்ஸி எஸ்2 கைப்பேசியை 1.2 கிகாஹெர்ட்ஸிலிருந்து 1.6 வரை கொண்டுபோன கஸ்டம் கெர்னல்களும் உண்டு. ஒன்றிரண்டு கோர்களும் ஒரு கிகாபைட் நினைவகமும் இருந்த காலம் அது. கூட்டிய வேகம் கண்ணுக்குத் தெரிந்தது.

இப்போது நிலைமை மாறிவிட்டது. எட்டுக் கோர்கள் கொண்ட சிப்புகளில் சிறிய வேலைக்குச் சிறிய கோர், பெரிய வேலைக்குப் பெரிய கோர் என்று கெர்னலே பிரித்துக் கொடுக்கிறது. குவால்காமின் புதிய சிப்புகளில், தனக்கு எவ்வளவு மின்னழுத்தம் போதும் என்பதைச் சிப்பே அளந்து இறக்கிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. முன்பு ஆர்வலர்கள் கையால் செய்த அண்டர்வோல்ட்டை இன்று ஆலையிலேயே செய்து அனுப்புகிறார்கள் என்று சொல்லலாம். ஸ்னாப்டிராகன் சிப்புகள் சிலவற்றில் விளையாட்டுக்கான கிராபிக்ஸ் பகுதியின் அட்டவணையை மாற்றும் கொனாபெஸ் போன்ற கருவிகள் இன்னும் இருக்கின்றன. அதைத் தாண்டிக் கிடைக்கும் ஆதாயம் குறைவு.

கதவும் மூடிக்கொண்டு வருகிறது. கெர்னலை மாற்ற முதலில் 'பூட்லோடர்' என்ற பூட்டைத் திறக்க வேண்டும். 2025இல் வந்த ஒன் யூஐ 8 பதிப்பிலிருந்து சாம்சங் அந்த வசதியை எடுத்துவிட்டது.

பணம் இருக்கும் கைப்பேசியில் கை வைக்க வேண்டாம்

நம் மக்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பூட்லோடரைத் திறக்கும்போது கைப்பேசியில் உள்ள படங்கள், தொடர்பு எண்கள் அனைத்தும் அழிந்துவிடும். உத்தரவாதமும் போகலாம். 2013க்குப் பின் வந்த பல சாம்சங் கைப்பேசிகளில் நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்புக்காகச் சிறிய மின் உருகி ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. அங்கீகாரமற்ற கெர்னலை ஏற்றியதும் அது எரிந்துவிடும். பழைய மென்பொருளை மறுபடியும் போட்டாலும் எரிந்த உருகி திரும்பாது. சாம்சங்கின் பணம் செலுத்தும் செயலியும் பாதுகாப்புப் பெட்டகமும் அந்தக் கைப்பேசியில் அதன்பின் இயங்கா.

வங்கிச் செயலிகளும் இதைக் கவனிக்கின்றன. 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி வழி வரும் ஒருமுறை எண்ணைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி வங்கிகளைப் பணித்தது. வாடிக்கையாளர் ஒருவருக்கு உறுதிப்படுத்தும் கைப்பேசி ஒன்றுதான் என்பதும் அந்த நடவடிக்கைகளில் அடங்கும். பணம் அனுப்பும் ஒப்புதல் இன்று அந்த ஒரு கைப்பேசியின் செயலியில்தான் நடக்கிறது. பூட்டு உடைக்கப்பட்ட கைப்பேசி என்று தெரிந்தால் பல வங்கிச் செயலிகள் திறக்கவே மறுக்கும். சம்பளம் கணக்கில் ஏறியிருக்கும். அதைப் பார்க்கவும் அனுப்பவும் வழி இருக்காது.

அந்தத் தடையை ஏமாற்றும் வழிகளையும் சிலர் சொல்லித் தருகிறார்கள். அங்கேதான் பெரிய ஆபத்து. யார் கட்டியது என்றே தெரியாத கெர்னலுக்குக் கைப்பேசியின் எல்லா உரிமைகளும் கிடைத்துவிடுகின்றன. நாம் தட்டும் கடவுச்சொல்லையும் அதனால் பார்க்க முடியும். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைப் பதிவிறக்கிச் சேமிப்பை இழந்தவர்களின் செய்திகள் நம் நாட்டில் தொடர்ந்து வருகின்றன. அது ஒரு செயலி செய்த வேலை. கெர்னல் அதைவிட ஆழத்தில் உட்கார்ந்திருப்பது. பணம் போனதாகத் தெரிந்தால் உடனே வங்கியையோ, தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணையோ அழைக்க வேண்டும்.

மெதுவாவதற்குக் காரணம் வேறாக இருக்கலாம்

கைப்பேசி மந்தமாவதற்குப் பெரும்பாலும் சிப் காரணமில்லை. அது வாங்கிய நாளில் ஓடிய வேகத்தில்தான் இன்றும் ஓடுகிறது. சேமிப்பிடம் நிறைந்திருக்கும், செயலிகள் ஆண்டுக்கு ஆண்டு கனத்திருக்கும், பேட்டரி தேய்ந்திருக்கும். பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தானே குறைத்ததாக ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது நினைவிருக்கலாம். தேய்ந்த பேட்டரி கேட்ட நேரத்தில் போதிய மின்சாரம் கொடுக்காது. அப்படிப்பட்ட கைப்பேசியை ஓவர்கிளாக் செய்தால் 20 விழுக்காடு காட்டும்போதே அணைந்துவிடக்கூடும்.

தோட்டப்புறங்களில் இன்னொரு காரணமும் உண்டு. அலைபரப்புக் கோபுரம் தூரத்தில் இருந்தால், அதை எட்டுவதற்குக் கைப்பேசி தன் ஒலிபரப்பு ஆற்றலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். லாபிஸ், குளுவாங் பக்கத்து உட்பகுதிகளில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சிக்னலைத்தான். கெர்னலை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

பூட்டை உடைக்காமலே செய்யக்கூடியவை சில:

- சேமிப்பிடத்தில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். பழைய காணொளிகளை வேறிடத்துக்கு மாற்றுங்கள்.
- பேட்டரி சேமிப்பு முறையைப் பயன்படுத்துங்கள். பல கைப்பேசிகளில் அது சிப்பின் உச்ச வேகத்தைக் கட்டுப்படுத்தும், சூடும் தணியும்.
- திரையின் புதுப்பிப்பு வேகம் 90 அல்லது 120 ஹெர்ட்ஸ் என்றால் 60க்கு இறக்கலாம்.
- மின்னூட்டும்போது தடித்த உறையைக் கழற்றுங்கள், விளையாட வேண்டாம். 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் போட்டுவையுங்கள்.
- சிக்னல் இல்லாத இடத்தில் வேலை செய்யும் நேரத்தில் விமான முறையில் போடலாம். வீட்டில் வைஃபை இருந்தால் அதன் வழி அழைக்கும் வசதியைத் திறந்துவிடலாம்.
- மூன்று, நான்கு ஆண்டு பழைய கைப்பேசிக்குப் புதிய பேட்டரி போட்டுப் பாருங்கள். புதிய கைப்பேசியின் விலையில் சிறு பங்குதான் ஆகும். ஹாலிடே பிளாசா போன்ற இடங்களில் கைப்பேசிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டுப் போடுங்கள்.

கற்க விரும்பும் இளையோருக்கு

இவ்வளவு சொன்னதால் இந்த வித்தையே வேண்டாம் என்பதில்லை. அலமாரியில் சும்மா கிடக்கும், சிம் அட்டையோ வங்கிச் செயலியோ இல்லாத பழைய கைப்பேசி ஒன்று இருந்தால், கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. முதலில் எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த மாடலுக்கே உரிய கெர்னலை மட்டும் பயன்படுத்த வேண்டும். மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு நாள் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். கைப்பேசி திரும்பத் திரும்ப அணைந்து எழும்பும் நிலைக்குப் போனால் மீட்பதற்கு நிறுவனத்தின் மென்பொருளைக் கணினியில் தயாராக வைத்திருக்க வேண்டும்.

அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவருக்கு வேலையும் தூரத்தில் இல்லை. கூலாயில் 664 ஹெக்டர் செம்பனைத் தோட்டமாக இருந்த கூலாய் யங் தோட்டத்தை ஒய்டிஎல் நிறுவனம் வாங்கி, 500 மெகாவாட் தரவு மைய வளாகமாக உருவாக்கிவருகிறது. செடெனாக்கிலும் தரவு மையங்கள் எழும்பியுள்ளன. அங்கே ஆயிரக்கணக்கான சிப்புகளை வைத்துக்கொண்டு பொறியியலாளர்கள் போடுவதும் இதே கணக்குதான்: எந்த வேகத்தில், எந்த மின்னழுத்தத்தில் ஓட்டினால் மின்கட்டணமும் சூடும் அடங்கும்? ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மின்னியலும் கணினியியலும் கற்பிக்கப்படுகின்றன.

செம்பனைப் பருப்பைப் பிரித்தெடுத்த மண்ணில் இப்போது வேறொரு கெர்னல் ஓடுகிறது. அதைக் கற்றுக்கொள்ள வீட்டில் கிடக்கும் பழைய கைப்பேசி போதும். அம்மாவின் சம்பளக் கணக்கு இருக்கும் கைப்பேசியை மட்டும் விட்டுவிடுங்கள்.