ஒரு ஆதார், ஐந்து கிடங்குகள்

திருப்பதி அலிபிரியில், பூதேவி காம்ப்ளெக்ஸ் வரிசையில் நின்று ஆதாரைக் காட்டித்தான் இலவச தரிசன டோக்கன் வாங்குகிறோம். "படம், வீடியோ என்று மலைபோல் டேட்டா குவிகிறது, எந்த நோஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் நல்லது?" என்று கேட்பவர்களுக்கு அந்த அட்டையையே காட்டலாம்.

ஆதார் பதிவில் முகப்படம், பத்து விரல் ரேகை, இரண்டு கருவிழிப் படம் எல்லாம் சேர்ந்து ஒருவருக்குச் சுமார் 5 எம்பி பொட்டலம். 2012 வாக்கில் அதன் பொறியாளர்கள் விவரித்தபடி, மூலப் பொட்டலம் ஹடூப் கோப்புக் கிடங்குக்குப் போனது. ரேகைகளிலிருந்து எடுத்த குறிப்புகள் ஹெச்பேஸுக்கு; பெயர், முகவரி, முகப்படம் மோங்கோடிபிக்கு; தேடுவதற்கு சோலர். கொடுத்த ஆதார் எண்களின் கணக்கு மட்டும் பழைய மைஎஸ்க்யூஎல்லில். ஒரே எண் இரண்டு பேருக்குப் போய்விடக் கூடாதே!

அலிபிரி சோதனைச் சாவடிக்கு நாமே இப்படி ஒரு டேட்டா அமைப்பைக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். கேமரா வீடியோவை டேட்டாபேஸுக்குள் திணிக்க வேண்டாம். மோங்கோடிபியில் ஒரு ஆவணம் 16 எம்பியைத் தாண்ட முடியாது. வீடியோ எஸ்3 போன்ற கிடங்கில் கிடக்கட்டும். அது எங்கே இருக்கிறது, எந்தக் கேமரா, எத்தனை மணி என்பது மட்டும் டேட்டாபேஸில் இருந்தால் போதும்.

வண்டிகள் கடக்கும் பதிவு வேறு ஜாதி. எழுதியபின் திருத்தமே கிடையாது, ஆனால் வந்துகொண்டே இருக்கும். இதற்கு கசாண்ட்ரா பொருந்தும். ஃபேஸ்புக்கில் அவினாஷ் லக்ஷ்மணும் பிரசாந்த் மாலிக்கும் உருவாக்கி 2008ல் பொதுவில் விட்டது. அதில் டேபிள் போடும் முன்பே கேள்வியை எழுதிக்கொள்ள வேண்டும். "இந்த வண்டி எப்போது கடந்தது?" என்றால் பதிவைப் பிரித்து வைக்கும் சாவி வண்டி எண். "காலை 6 முதல் 7 வரை எத்தனை வண்டி?" என்றால் பாதை எண்ணும் தேதியும் மணியும். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு டேபிள், ஒரே தகவலை இரண்டு முறை எழுத வேண்டும். எஸ்க்யூஎல்லில் வளர்ந்தவர்களுக்கு இது பாவம் போலத் தோன்றும். இங்கே இதுதான் வழக்கம். தேதியை மட்டும் சாவியாக வைத்தீர்களோ, பிரம்மோற்சவக் கூட்டம் மொத்தமும் ஓரிரு மெஷின்களின் தலையில் விழும்.

டோக்கன் கவுண்டர்? கடைசி டோக்கனை இரண்டு ஜன்னல்களில் ஒரே நொடியில் கேட்பார்கள்; அது ஒருவருக்குத்தான் போக வேண்டும். அதற்குச் சாதாரண போஸ்ட்கிரெஸ் போதும். ஒரு நாளைக்குக் கொடுக்கும் டோக்கன்கள் அதற்கு ஒரு சுமையே இல்லை.