உண்மையைச் சொல்வதா, மறைப்பதா?

எது சரி, எது தவறு என்று முடிவெடுக்கும் எல்லோரிடமும் ஏதோ ஓர் அளவுகோல் இருக்கிறது. பலருக்கு அது பழக்கத்தில் ஒட்டிக்கொண்டது. எடுத்துப் பார்த்ததே இல்லை. மெய்யியல் இந்த அளவுகோல்களை மூன்று பெரும் வகைகளாகப் பிரிக்கிறது.

முதல் வகை விளைவைப் பார்ப்பது. ஒரு செயலால் எத்தனை பேருக்கு எவ்வளவு நன்மை, எவ்வளவு துன்பம் என்று எடைபோடுவது. இங்கிலாந்தின் பெந்தாமும் மில்லும் இதை வளர்த்தார்கள். அடுத்தது கடமையைப் பார்ப்பது. எல்லோருக்கும் பொதுவான விதியாக்க முடியாத செயல், நல்ல பலன் தந்தாலும் தவறே என்றார் ஜெர்மனியின் இம்மானுவேல் காண்ட். ஓர் உயிரைக் காக்கச் சொல்லும் பொய்யைக்கூட 1797இல் எழுதிய கட்டுரையில் அவர் ஏற்கவில்லை. மூன்றாவது, அரிஸ்டாட்டில் வழிவந்தது, பண்பைப் பார்ப்பது. நேர்மையும் துணிவும் பரிவும் உள்ள ஒருவர் இந்த இடத்தில் என்ன செய்வார் என்று அது கேட்கிறது.

தமிழ்க் குடும்பங்களுக்குப் பழக்கமான ஒரு நிலை இது. முதியவருக்குப் புற்றுநோய் என்று தெரிகிறது. மகன் மருத்துவரைத் தனியே பார்த்து, "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்கமாட்டார்" என்கிறார். அந்த நேரத்து அதிர்ச்சியைத் தவிர்ப்பது நல்ல விளைவுதான். ஆனால் சொத்தைப் பிரித்து எழுதுவது, பேச்சு நின்றுபோன தம்பியைப் பார்ப்பது போன்றவற்றுக்கான காலமும் அவருக்குத் தெரியாமலே கரைகிறது. கடமையின்படி, தன் உடலைப் பற்றிய செய்தி முதலில் அவருக்கே உரியது. பண்பின் வழியில் கேள்வி வேறு: மறைப்பது பரிவாலா, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாததாலா?

மருத்துவ உலகமும் இதில் மாறியிருக்கிறது. அமெரிக்காவில் 1961இல் வெளியான ஆய்வில், சுமார் பத்தில் ஒன்பது மருத்துவர்கள் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாதிருப்பதையே விரும்பினர். 1979இல் அதே கேள்விக்கு ஏறத்தாழ எல்லோருமே சொல்வோம் என்றனர். அதே ஆண்டில் பீச்சம், சில்ட்ரெஸ் இருவரும் எழுதிய மருத்துவ அறவியல் நூல் நான்கு நெறிகளை முன்வைத்தது: நோயாளியின் சுயவிருப்பம், நன்மை செய்தல், தீங்கு தவிர்த்தல், நீதி. ஒன்றோடொன்று மோதும்போது எதற்கு முதலிடம் என்பதைச் சூழலைப் பார்த்தே எடைபோட வேண்டும்.

தன் அளவுகோலை அறிய விரும்புபவர், ஏற்கெனவே எடுத்த முடிவுகளைத் திரும்பிப் பார்க்கலாம். காரணம் முடிவுக்கு முன் வந்ததா, பின்னால் தேடிக்கொண்டதா? அந்த முடிவால் யாருடைய சிரமம் குறைந்தது? பாதிக்கப்படுபவரிடம் அந்தக் காரணத்தை நேரில் சொல்ல முடியுமா? அவர் இடத்தில் தான் இருந்தால் அதை ஏற்க முடியுமா? அந்த மகன் இவற்றைக் கேட்டுக்கொண்டால், தந்தை எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே முதலில் கேட்கும் வழி தென்படும். சொல்வது, மறைப்பது என்ற இரண்டில் எது ஆனாலும், அதன்பின் அது தந்தையின் விருப்பத்தை அறிந்து எடுத்த முடிவாகும்.