உப்புக்காற்றில் நின்ற விமானம்

கொழும்பிலிருந்து புத்தளம் போகும் வீதியில், கற்பிட்டிக்குத் திரும்பும் இடம் பாலாவி. அங்கே உப்புப் பாத்திகளும் விமானப்படையின் ஓடுபாதையும் கிட்டக்கிட்ட இருக்கின்றன. புத்தளம் என்ற பெயரே ‘உப்புத்தளம்’ என்பதிலிருந்து வந்ததென்று சொல்வதுண்டு. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு யோசனை வரும். நாற்பது மணி நேரம் பறந்து பழகி, தனியார் விமானி உரிமமும் எடுத்துவிட்ட ஒருவர், பாவித்த விமானம் ஒன்றை வாங்கி இந்த உப்புக்காற்றில் கொண்டுவந்து நிறுத்தினால் அதற்கு என்ன ஆகும்?

புது விமானிகள் பெரும்பாலும் தேடுவது செஸ்னா 150, 152, 172 போன்றவற்றை. 150இன் உற்பத்தி 1977இல் நின்றது. 152இன் உற்பத்தி 1985இல் நின்றது. ஆகவே, இன்று விற்பனைக்கு வரும் 152களில் ஆக இளையதற்கே ஏறக்குறைய நாற்பது வயது. விற்பவர் முதலில் சொல்வது மணிக்கணக்கு: இத்தனை ஆயிரம் மணி நேரம்தான் பறந்திருக்கிறது என்பார். ஆனால் நான் முதலில் கேட்பது, பறக்காத நேரத்தில் அது எங்கே நின்றது என்பதை.

கற்பிட்டி ஒடுங்கிய நிலத்துண்டு. மேற்கே கடல், கிழக்கே களப்பு. தென்மேற்குப் பருவக்காற்றில் அலை நுரைக்கும்போது கோடிக்கணக்கான குமிழிகள் வெடிக்கின்றன. ஒவ்வொரு குமிழியும் வெடிக்கையில் கண்ணுக்குத் தெரியாத துளிகளை மேலே வீசுகிறது. துளியின் நீர் காற்றில் உலர, உப்பு மட்டும் மிதந்து வந்து தகரக் கூரையிலும், சைக்கிள் சங்கிலியிலும், விமானத்தின் இறக்கையிலும் படிகிறது.

அலுமினியம் கறள் பிடிக்காது என்று நாம் நம்புவதற்குக் காரணம் உண்டு. காற்றுப் பட்ட கணமே அதன்மேல் ஓர் ஒட்சைட்டுப் படலம் உருவாகிறது. சில நனோமீற்றர் தடிப்புத்தான். தலைமயிரின் தடிப்பில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. கீறினாலும் தானே மூடிக்கொள்ளும் தோல் அது. உப்பிலுள்ள குளோரைட்டு அந்தத் தோலை ஆங்காங்கே துளைத்து, மூடவிடாமல் வைத்திருக்கிறது. விமானத்துக்கோ சுத்த அலுமினியம் போதாது, வலுவில்லை. 2024 எனப்படும் கலப்புலோகத்தில் நூற்றுக்கு நான்கு பங்களவில் செம்பு சேர்க்கிறார்கள். வலுவைத் தரும் அந்தச் செம்பே, உப்பு ஈரம் பட்டதும் பக்கத்து அலுமினியத்தைக் கரைக்கும் நுண்ணிய மின்கலமாகிவிடுகிறது. அதனால்தான் தகட்டின் இரு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லியதாகப் போர்த்துகிறார்கள். உள்ளே இருப்பதைக் காப்பாற்ற அந்தப் போர்வை முதலில் தன்னைக் கரையக் கொடுக்கிறது. எனக்கு வியப்புத் தீராத ஏற்பாடு இது.

உப்பு காய்ந்து கிடந்தால் தீங்கு குறைவு. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபத்தைந்தைத் தாண்டினால் கறியுப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரைகிறது. கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் இருக்கிறது. பாத்தியில் உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் நிறைந்திருப்பது அதுதான். அதற்கு முப்பத்துமூன்று வீத ஈரப்பதமே போதும். நம் கரையில் ஓர் இரவுகூட அவ்வளவு உலர்ந்திருப்பதில்லை.

இந்த அரிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதை ஒரு விபத்துக் காட்டியது. 1988 ஏப்ரல் 28இல் ஹவாயில், அலோஹா விமான நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று 24,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது அதன் கூரையில் ஏறக்குறைய பதினெட்டு அடி பிய்ந்து போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார்; மற்ற 94 பேருடன் விமானம் தரையிறங்கியது. பத்தொன்பது வயதான அந்த விமானம் தீவுக்குத் தீவு தாவி 89,680 தடவை பறந்திருந்தது. தகடுகளின் இணைப்பில் ஒட்டு விட்ட இடங்களில் உப்பு ஈரம் புகுந்து அரித்திருந்தது. ரிவெட் துளைகளிலோ வெடிப்புகள் வளர்ந்திருந்தன. சிறிய செஸ்னாவுக்குள் காற்றழுத்தம் ஏற்றுவதில்லை. ஆதலால் அது அப்படிப் பிளக்காது. அரிக்கும் வேதியியல் மட்டும் ஒன்றே.

எஞ்சினின் கதை வேறு. லைக்கோமிங் நிறுவனம் தன் எஞ்சின்கள் பலவற்றுக்கு 2,000 மணி நேரம் அல்லது 12 வருடம், எது முந்துகிறதோ அதில் முழுதாகப் பிரித்துப் பழுதுபார்க்கச் சொல்கிறது. வருடக் கணக்கு ஏன்? அந்த எஞ்சின்களில் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு மேலே இருக்கிறது. நின்றுவிட்டால் எண்ணெய் வடிந்து அதன் உருக்கு வெறுமையாகிறது. ஈரக்காற்று மிச்ச வேலையைப் பார்க்கிறது. ஆகவே குறைவாகப் பறந்த விமானம் என்றால் நான் கூடுதலாகவே பயப்படுவேன்.

புத்தளம் மாவட்டத்தில் விமானத்தோடு வாழ்ந்த ஒருவர் உண்டு. சிலாபத்துக்கு அருகே காக்காப்பள்ளியில் தென்னந்தோட்டம் வைத்திருந்த பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924-2010). அவர் சிறு விமானங்களைத் தானே கட்டிப் பறந்தவர். கட்டியவருக்கு ஒவ்வொரு மூட்டும் தெரியும். பாவித்ததை வாங்குகிறவர் மற்றவர்கள் செய்ததைப் பதிவேட்டில் வாசித்தும், கையால் தடவியும்தான் அறிய வேண்டும்.

கரையிலிருப்பவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். தொழிலுக்குப் போய் வந்த படகின் எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவி வைக்கும் மீனவர்கள் உண்டு. வாங்கப் போகிறவர் விமானப் பொறியியலாளரோடு அப்படியான ஒருவரையும் கூட்டிப் போகலாம் என்று நான் மனதாரச் சொல்வேன்.

வெளிப்புறப் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். புதுப் பெயின்ற் எதையும் மூடும். அதன் அடியில் புழு ஊர்ந்ததுபோல் நூல் நூலான கோடுகள் தெரிகின்றனவா, ரிவெட்டுகளுக்கு இடையே தகடு தலையணைபோல் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். அரித்த அலுமினியம் பழையதைவிடக் கூடுதல் இடம் பிடிப்பதால்தான் அந்த வீக்கம். அக்காலத்துச் செஸ்னாக்கள் பலவற்றின் உட்புறத்துக்குத் தொழிற்சாலையில் பெயின்ற் அடிக்கவில்லை. மேலதிகப் பணம் கொடுத்தவர்களுக்கே அது கிடைத்தது. ஆகவே வாலின் மூடியைக் கழற்றி, டோர்ச் அடித்து, சிறு கண்ணாடியை உள்ளே நீட்டிப் பார்க்க வேண்டும். இரும்பின் கறள் சிவப்பு. அலுமினியத்தின் கறள் வெள்ளை. விரலில் ஒட்டும் அந்தத் தூள், பாலாவிப் பாத்தியில் அள்ளியதைப் போலவே இருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, மிஞ்சிய தகட்டின் தடிப்பை அளப்பார்கள். விலை பேசுவது அதற்குப் பிறகுதான்.